அப்பளம் எங்கே காத்துக் கிடக்கிறது? பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறையைச் சீர்செய்யும் வழி

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்தில் அப்பளப் பட்டறை வைத்திருப்பவரிடம் ஆர்டர் ஏன் தாமதம் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆள் பத்தல." அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆள் எடுப்பதற்கு முன் மூன்று நாள் செலவழித்து ஒரு விஷயத்தைப் பார்க்கவேண்டும். ஆள் சும்மா இருக்கிறாரா என்பதை அல்ல, பொருள் எங்கே சும்மா கிடக்கிறது என்பதை. பொருள் கிடக்கும் இடம் தெரியாமல் ஆள் சேர்த்தால் கிடக்கிற குவியல்தான் பெரிதாகும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் பட்டறையில் தேய்க்க பத்துப் பேர். மாவு, காயவைப்பு, கட்டு ஆகியவற்றுக்கு வேலைக்கு ஒருவர். அல்வாக் கிண்டும் அடுக்களைக்கும் பத்தமடைப் பாய்த் தறிக்கும் இதே முறை ஒத்துவரும். அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு சிவப்புத் துணித்துண்டு போதும். காலையில் பிசையும் முதல் ஈடு மாவின்மேல் சிவப்புத் துணியைக் கட்டுங்கள். அந்த மாவு எந்தக் கைக்குப் போனாலும் துணி கூடவே போகவேண்டும். அப்பளமானதும் தட்டில், காய்ந்ததும் கூடையில், கடைசியில் பெட்டியில். துணி நகரும்போதெல்லாம் நேரத்தை எழுதுங்கள். மூன்று நாள்களில் ஒன்று நல்ல வெயில் நாள், ஒன்று மேகமூட்ட நாள், ஒன்று சம்பளம் போட்டதற்கு மறுநாள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பட்டறையின் உண்மை முகம் அன்றுதான் தெரியும்.

10 கிலோ உளுந்தமாவு போட்ட ஓர் ஈட்டின் கணக்கு இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 7.00 மணிக்குப் பிசைய ஆரம்பித்து 7.30க்கு முடிகிறது. 8.15 வரை ஊறல். 8.45 வரை இடிப்பு. பிறகு 10 மணி வரை மாவு ஈரத்துணிக்கு அடியில் கிடக்கிறது, ஏனென்றால் நிறுத்துக் கொடுக்கிறவர் கடைக்குப் போயிருக்கிறார். 10 முதல் 1 வரை தேய்ப்பு. 2 மணி வரை தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், இடமில்லை. 2 முதல் 5 வரை வெயில், முழுசாகக் காயவில்லை. இரவு குவியல். செவ்வாய் 9 முதல் 11 வரை மறுபடி வெயில். பிறகு தரம் பிரிக்கக் காத்திருப்பு. ஒரு மணி நேரம் பிரித்து, ஒரு மணி நேரம் கட்டி, புதன் மாலை 4க்குப் பெட்டியில் ஏறுகிறது.

மொத்தம் 57 மணி நேரம். கை பட்டது 6 மணி, வெயில் பட்டது 5 மணி, ஊறியது முக்கால் மணி. இரண்டு இரவுகளுக்கு 26 மணியைக் கழித்தாலும் பட்டப்பகலில் 19 மணி நேரத்துக்கு மேல் அந்த ஈடு சும்மா கிடந்திருக்கிறது. பத்துப் பேரும் வியர்க்க வியர்க்கத் தேய்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்!

நோட்டைக் கையில் எடுத்ததும் ஒரு முணுமுணுப்பு வரும். "எங்களையா கணக்கெடுக்கீங்க அண்ணாச்சி?" என்று வாய்விட்டுக் கேட்டால் நல்லது, கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டால்தான் ஆபத்து. முதல் நாளே எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள்: "ஆளைப் பாக்கலக்கா, மாவு எங்க கெடக்குன்னுதான் பாக்கேன். நோட்டுல ஒருத்தர் பேரும் இருக்காது." சொன்னபடி பெயர் எழுதாமலும் இருக்கவேண்டும். ஒருநாள் ஒரு பெயரை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு உண்மையான நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

பட்டறை முழுதும் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. மாவுக்கும் பெட்டிக்கும் நடுவே கிடக்கும் அப்பளங்களை எண்ணி, அன்றாடம் வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அப்பளம் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது வந்துவிடும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. 13,200 உள்ளே கிடக்க, நாளுக்கு 4,400 போனால் மூன்று நாள். உள்ளே கிடப்பதை 8,800ஆகக் குறைத்து, வெளியே போவது குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டே நாள். யாரும் வேகமாகக் கையை ஆட்டவேண்டியதில்லை.

இடுக்கு தட்டட்டியில் இருக்கிறது

இடுக்கு என்றால் பட்டறை முழுதின் வேகத்தையும் பிடித்து நிறுத்தும் இடம். ஒருவர் நாளொன்றுக்கு 4 கிலோ பிசைந்த மாவு தேய்ப்பதாக வைத்தால் பத்துப் பேருக்கு 40 கிலோ. ஈர அப்பளம் ஒன்று 9 கிராம் என்றால் கிலோவுக்கு 110, மொத்தம் 4,400. இனி தட்டட்டிக்கு வாருங்கள். 10 சென்டிமீட்டர் அகல அப்பளம் சதுர மீட்டருக்கு 100 என்று காகிதத்தில் வரும். நடக்க வழி விட்டால் 80தான். விரிக்க 25 சதுர மீட்டர் இருந்தால் ஒரு தடவைக்கு 2,000. நல்ல வெயிலில் காலை ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு தடவை விரிக்கலாம், ஆக 4,000.

நாளுக்கு 400 மிச்சம், ஆறு நாளில் 2,400. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது மலையடிவாரத்தில் மேகம் மூடி, ஒரு தடவை விரிப்பதே பெரும்பாடு. அன்றைக்கு 4,400க்கு 2,000தான் காயும். இந்த நிலையில் "இன்னும் வெரசா தேய்ங்க" என்று சொன்னால் என்ன நடக்கும்? ஈர அப்பளம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டு ஒட்டும், அவசரத்தில் அரைக்காய்ச்சலாகவே கூடைக்குப் போகும், நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கும். குறை தேய்த்தவர் தலையில் விழும்.

இடுக்கை அகலமாக்க முதல் வேலை, நிழல் காய்ச்சலையும் வெயில் காய்ச்சலையும் பிரிப்பது. ஈர அப்பளத்தை நேரே உச்சி வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டு வெடிக்கும். முதலில் நிழலில் மேல்பக்கம் உலரவேண்டும். பல பட்டறைகளில் இந்த நிழல் காய்ச்சலும் தட்டட்டியில் பந்தல் போட்டே நடக்கிறது. அதுதான் இடத்தைத் தின்கிறது. 1 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் மரச்சட்டத்தில் நைலான் வலை அடித்தால் சட்டத்துக்கு 50 அப்பளம் பிடிக்கும். 30 சட்டம் செய்து, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கும் தாங்கிகளைத் தேய்க்கும் கூடத்துக்கு வெளியே, காற்று ஓடும் நடையில் வையுங்கள். தேய்த்தவுடன் சட்டத்தில், மேல் உலர்ந்ததும் சட்டத்தோடு தூக்கித் தட்டட்டிக்கு. ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கும் வேலை மிச்சம், ஓரம் கிழிவதும் குறையும். தட்டட்டியில் வெயில் காய்ச்சல் மட்டும் என்றானால் நல்ல நாளில் மூன்று தடவை ஓட்டலாம்.

இரண்டாவது, காலையில் தொடங்கும் நேரம். முதல் அப்பளம் 9.30க்குத் தட்டட்டி ஏறவேண்டும் என்றால் தேய்ப்பு 8 மணிக்குத் தொடங்கவேண்டும். அப்படியானால் மாவு 6.15க்குப் பிசையப்படவேண்டும். எல்லாரும் 6 மணிக்கு வரத் தேவையில்லை. மாவுக்காரர் மட்டும் முன்னால் வந்து முன்னால் போகட்டும். இருட்டோடு வரவேண்டிய வேலை என்பதால் வீடு பக்கத்தில் உள்ளவரையே அதற்குப் போடுங்கள்.

மூன்றாவது, தட்டட்டிக்கென்று ஒருவர், அவருக்கு வேறு வேலை கிடையாது. "மேல சும்மாதான நிக்கா, கீழ வந்து கட்டட்டும்" என்று கூப்பிடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இடுக்கில் நிற்பவரை அரை மணி நேரம் இழுத்தால் பட்டறை முழுதுக்கும் அரை மணி நேரம் போகிறது. டீ குடிக்க அவர் இறங்கும்போதும் மாற்றாள் ஏறவேண்டும்.

காய்ந்ததா என்று கையால் ஒடித்துப் பார்ப்பது பழகிய கைக்குச் சரி. புதியவருக்குத் தராசு வேண்டும். 1 கிலோ மாவுக்கு 450 மில்லி தண்ணீர், 80 கிராம் உப்பு, 10 கிராம் அப்பளக் காரம் (அப்பளத்தைப் பொரியவைக்கும் கார உப்பு) சேர்த்துப் பிசைந்த ஈடு என்றால், 1 கிலோ ஈர அப்பளம் காய்ந்து சுமார் 750 கிராமுக்கு வரவேண்டும். அப்போது ஈரம் 14 சதவீத அளவில் நிற்கும். ஒரு சட்டத்தில் நிறுத்துவைத்து, அதையே அளவுச் சட்டமாகக் குறியிட்டுக்கொள்ளுங்கள். 800 கிராமில் இறக்கினால் பூஞ்சை. 700க்குக் கீழே போனால் பெட்டிக்குள் நொறுங்கும். அரைக்காய்ச்சலில் எடுத்து அடுக்கி, மேலே பலகை வைத்துப் பாரமேற்றிவிட்டு மறுபடி விரித்தால் நெளிவு இருக்காது. இந்தப் படியை நேரம் மிச்சம் பிடிக்க வெட்டுகிறவர்கள் கட்டும்போது இரட்டிப்பாக இழக்கிறார்கள்.

மாவு

கைப்பிடிக் கணக்கை நிறுத்துங்கள். 10 கிலோவுக்கு உப்பு 800 கிராம், காரம் 100 கிராம், தண்ணீர் 4 முதல் 4½ லிட்டர். உப்பையும் காரத்தையும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பிறகு ஊற்றவேண்டும். நேரே மாவில் தூவினால் ஓர் அப்பளம் கரிக்கும், அடுத்தது சப்பென்றிருக்கும். காரம் கூடினால் பொரித்ததும் சிவந்து, நாக்கில் சவர்க்காரம்போல் பிடிக்கும். குறைந்தால் பொரியாது. பிரண்டைச் சாறு சேர்க்கிறவர்கள் சாற்றின் அளவைத் தண்ணீரில் கழிக்கவேண்டும். உளுந்து புதிய மூட்டை பிரிக்கும்போதெல்லாம் 1 கிலோ மட்டும் பிசைந்து பார்த்துத் தண்ணீரைத் தீர்மானித்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.

மாவு கெட்டியாக இருந்தால் தேய்ப்பவர் வேகம் குறையும். அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டுவது எளிது. மாவைத் தொட்டுப் பார்ப்பது அதைவிட எளிது.

ஆளுக்கு 4 கிலோவையும் காலையிலேயே மொத்தமாகக் கொடுக்காதீர்கள். 1 கிலோ வீதம் நாலு தடவை கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் கடைசி மாவு மதியத்துக்குள் தோல் கட்டிவிடும், தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும், அதை மறைக்க மேல்மாவு கூடுதலாகத் தூவுவார்கள், அது எண்ணெயில் கருகும். வாடிக்கைக்காரர் "எண்ணெய் கறுத்துப்போகுது" என்று சொல்லும் புகாரின் வேர் பல சமயம் இந்தக் காலை நேரச் சோம்பேறித்தனத்தில் இருக்கிறது. அது தேய்ப்பவருடையது அல்ல, நிறுத்துக் கொடுப்பவருடையது.

ஆள்களை நடத்துவது

காலையில் ஏழு நிமிடக் கூட்டம், நின்றபடியே. உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும். கரும்பலகையில் மூன்று எண்கள் மட்டும்: நேற்றுப் பெட்டி ஏறியது எத்தனை, உடைந்தும் சுருண்டும் கழித்தது எத்தனை, இப்போது உள்ளே கிடப்பது எத்தனை. எண்ணை முதலாளி எழுதக்கூடாது. கட்டுகிற பெண் எழுதட்டும். பிறகு ஒரே கேள்வி: "நேத்து எங்க நின்னு போச்சு?" முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர், "சல்லடை கிழிஞ்சு ஒரு மாசமாச்சு" என்பார். அன்று சாயந்திரத்துக்குள் புதுச் சல்லடை வந்தாகவேண்டும். வந்தால் மூன்றாம் வாரம் நாலு பேர் பேசுவார்கள். வராவிட்டால் அந்தக் கூட்டத்தையே விட்டுவிடலாம், பிரயோஜனமில்லை.

மேற்பார்வைக்கு நன்றாகத் தேய்ப்பவரைப் போடுவது வழக்கம். அதில் நல்ல கை ஒன்று போய், சங்கடப்படும் மேற்பார்வையாளர் ஒருவர் மிஞ்சுவார். மாவு ஒட்டினாலோ குழவி வழுக்கினாலோ மற்றவர்கள் யாரைப் போய்க் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்; அவர்தான் ஆள். சென்னையில் படித்துவிட்டு வந்த மகன் பட்டறையை எடுத்து நடத்துவதானால் முதல் ஒரு மாதம் உத்தரவு எதுவும் போடாமல், தினம் ஒரு மணி நேரம் தானே தேய்க்கட்டும். முப்பது வருஷம் தேய்த்த சின்னம்மாவிடம் "நீங்க பண்ணுதது தப்பு" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. "இது ஏன் சின்னம்மா இப்படி மடிக்கீங்க?" என்று ஆரம்பித்தால் பாதிப் படிப்பு அங்கேயே கிடைக்கும். தவறைச் சொல்லவேண்டியிருந்தால் தனியே, அன்றைக்கே, அந்த அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டும்.

கூலியில் இரண்டு பொறிகள் உண்டு. எண்ணிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்தால் அப்பளம் மெலியும், ஓரம் கோணும். "நல்லதாகக் காய்ந்த அப்பளத்துக்குத்தான் கூலி" என்று மாற்றினால் அது அநியாயம்: தட்டட்டியில் கெட்டதற்குத் தேய்த்தவர் பணம் கொடுக்கிறார். சரியான இடம் ஈர அப்பளம் சட்டத்தில் ஏறும் கணம். அங்கேயே அகலத்துக்கு ஒரு தகர வளையம் வைத்துப் பார்த்து, பத்தை எடுத்து நிறுத்து, 85 முதல் 95 கிராமுக்குள் இருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் சேதம் பட்டறையின் கணக்கு.

இன்னொன்று: 30 சட்டமும் நிறைந்துவிட்டால் தேய்ப்பு நிற்கவேண்டும். இதுதான் தேக்கத்துக்குப் போடும் பூட்டு. நின்றவர்கள் தரம் பிரிக்கப் போகட்டும். ஆனால் தேய்ப்புக்கு எண்ணிக்கைக் கூலி, தரம் பிரிக்கச் சும்மா என்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள். சட்டம் நிறைந்தபின் தரையில் அடுக்குவார்கள். தரம் பிரிக்கும் நேரத்துக்கு, அவர் சராசரியாகத் தேய்த்துச் சம்பாதிக்கும் மணிக்கூலியையே கொடுங்கள். முதலாளிகள் இந்த இடத்தில்தான் கையை இறுக்குகிறார்கள். முறை முழுதும் உடைவதும் இந்த இடத்தில்தான்.

விடுப்பைப் பற்றிச் சலித்துக்கொள்வதைவிட எதிர்பார்ப்பது மேல். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களின் நடவு, அறுப்பு நாள்களில் வயலுக்குப் போகத்தான் செய்வார்கள். ஊர்க்கோயில் கொடை (திருவிழா) என்றால் எந்த மருமகளும் மூன்று நாள் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோயில், ஆனியில் நெல்லையப்பர் தேர். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிகிற நாள்கள். பதின்மூன்று பேரின் ஊர்க்கோயில் எது, கொடை எந்த மாதம் எந்தக் கிழமை என்று ஒரே காலண்டரில் எழுதி மாட்டுங்கள். இரண்டு தெருவின் கொடை ஒரே வாரத்தில் விழுந்தால் அந்த வாரம் ஆர்டர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். "வரமாட்டேன்" என்று முன்னாலேயே சொல்பவரிடம் முகம் சுளித்தால், அடுத்த முறை சொல்லாமல் நின்றுவிடுவார்.

இதோடு ஒரு கட்டப் பட்டியல்: இடப்பக்கம் பெயர், மேலே ஏழு வேலைகள். தனியே செய்யத் தெரிந்தால் முழு வட்டம், துணையோடு என்றால் அரை வட்டம். எந்த வேலைக்கு ஒரே ஒரு முழு வட்டம் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆபத்து. பெரும்பாலும் அது மாவு பிசைவது. வாரம் ஒரு காலை இன்னொருவர் பக்கத்தில் நின்று பிசையட்டும். முன்பணம் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேச்சு இந்தப் பட்டியலிலும் காலைக் கூட்டத்திலும் வரவே கூடாது.

மாற்றும்போது

வாரத்துக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. பலகை எண் இரண்டு வாரத்தில் நகராவிட்டால் பழையபடிக்கே போய்விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புகார் வந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தோண்டும் பழக்கம் வேண்டும். டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ ஐந்து முறை "ஏன்" கேட்கச் சொன்னது இதற்குத்தான். பெட்டியில் அப்பளம் நொறுங்கி வந்தது. ஏன்? அதிகமாகக் காய்ந்துவிட்டது. ஏன்? 3 மணிக்கு எடுக்கவேண்டியதை 4 மணிக்கு எடுத்தார்கள். ஏன்? தட்டட்டியில் ஆள் இல்லை. ஏன்? லாரி வந்ததால் பெட்டி தூக்கக் கீழே கூப்பிட்டார்கள். ஏன்? லாரிக்கு நேரம் சொல்லப்படவில்லை. திட்டியிருந்தால் தட்டட்டிப் பெண்ணுக்குத் திட்டு விழுந்திருக்கும். தீர்வோ, லாரியை 5 மணிக்கு வரச் சொல்லும் ஒரு போன்.

கட்டும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய தேதி முன்னால் போகவேண்டும், அதற்கு அலமாரியில் ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் எடுத்தால் போதும். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட எடை உள்ளே இருக்கவேண்டும், ஏனென்றால் காய்ச்சல் கூடினால் எண்ணிக்கை சரியாக இருந்தும் எடை குறையும். சரக்கைத் தரையில் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியதைப் பார்த்த ஊர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இத்தனையும் சரியாக நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தட்டட்டியில் காலி இடம் தெரியும். அதே சமயம் காய்ந்த அப்பளம் தரம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் கூடை கூடையாகச் சேர ஆரம்பிக்கும். ஏதோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், இடுக்கு இடம் மாறியிருக்கிறது. சிவப்புத் துணியைத் தோய்த்துக் காயப்போட்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இந்தத் தடவை ஸ்டூலை அந்த மேசைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.